சமாதானம் என்று பெயர் கொண்ட ஊர்



சில வாரங்களுக்கு முன் நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயார், பாஸ்டன் நகரில் வேலை செய்யும் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டுத் திரும்பினார். ஆராதனை முடிந்தபின் கைப்பேசியில் எடுத்திருந்த படங்களை எனக்குக் காட்டினார். அவற்றில் ஒன்று, பிறைநிலவுக்கு முன்னால் துடைப்பத்தின்மேல் சிரித்தபடி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை. "ஐயா, இதுதான் சூனியக்காரிகளை எரித்த ஊராம்" என்றார்.

அந்தச் சிறிய வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. அவ்வூரில் ஒருவரும் எரிக்கப்படவில்லை. கொல்லப்பட்டவர்களில் ஒருவரும் சூனியக்காரர் அல்லர். அந்தத் தாயாரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. ஆண்டுதோறும் அங்கே செல்லும் லட்சக்கணக்கான மக்களில் பெரும்பாலானோர் அதே பிழைகளோடுதான் வருகிறார்கள். பலர் அவற்றோடேயே திரும்பியும் போகிறார்கள். உங்களில் அநேகருடைய பிள்ளைகள் அந்தத் திசையில் குடியேறியிருப்பதால், நீங்களும் ஒருநாள் அங்கே செல்லக்கூடும். அப்போது எதைப் பார்க்க வேண்டும், எதைக் கடந்து போய்விடலாம் என்பதைக் குறித்து இந்த வாரம் எழுதத் துணிகிறேன்.

அந்த ஊரின் பெயர் சேலம். மாம்பழத்துக்கும் இரும்பாலைக்கும் பேர்பெற்ற நம்முடைய சேலம் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் கடற்கரையோரம் இருக்கும் சிறு நகரம். ரயிலில் அரைமணி நேரம். 1626-இல் அங்கே குடியேறிய ஆங்கிலேயப் பியூரிட்டன்கள், மூன்றாண்டுகளுக்குப் பின் அதற்குச் சூட்டிய பெயர் வேதாகமத்திலிருந்து எடுக்கப்பட்டது. மெல்கிசேதேக்கு ராஜாவாயிருந்த சாலேமை நினைத்துக்கொள்ளுங்கள். எபிரெயருக்கு எழுதின நிருபம் அந்தப் பெயருக்குச் சமாதானம் என்று பொருள் சொல்லுகிறது. வேதத்தைத் திறந்து பார்த்து ஊருக்குப் பெயரிட்ட மக்கள் அவர்கள். இந்த வரலாற்றை நாம் வேடிக்கையாகப் படிக்க முடியாததற்கு முதற்காரணமும் அதுவே.

இன்று அங்கே இறங்குகிறவர் முதலில் காண்பது வேறு. காவல்துறை வாகனங்களில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரியின் சின்னம். அரசு உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கும் அதே பெயர். ஏறக்குறைய 44,000 பேர் வாழும் ஊருக்கு அக்டோபர் மாதத்தில் மட்டும் பத்து லட்சம் பேர் வந்து போகிறார்கள். தெருவெங்கும் கூர்முனைத் தொப்பிகள், பேய் வீடுகள், எதிர்காலம் சொல்லும் கடைகள். நான் முதலில் குறிப்பிட்ட வெண்கலச் சிலை, சூனியக்காரி ஒருத்தியைக் கதாநாயகியாக்கி எடுத்த பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் நினைவாக 2005-இல் நிறுவப்பட்டது.

நகரின் நடுவே ஒரு பழைய தேவாலயக் கட்டடம் உண்டு. 1972 முதல் அதில் இயங்குவது சூனியக்காரிகள் அருங்காட்சியகம். அதன் எதிரே, நீண்ட மேலங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்து காற்றில் விரைந்து நடப்பவர்போல் ஒரு சிலை நிற்கிறது. வருகிறவர்கள் அதை ஏதோ சூனியக்காரன் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர் ஊரை நிறுவிய ரோஜர் கானன்ட். விசாரணைகள் நடப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, 1679-இல், இறந்துபோனவர். பாவம், தம் ஊருக்கு என்ன நேர்ந்தது என்றே அறியாத மனிதர்!

நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அங்கே அல்ல. சேலத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே டான்வர்ஸ் என்னும் ஊர் இருக்கிறது. அக்காலத்தில் அதற்குச் சேலம் கிராமம் என்று பெயர். கலக்கம் தொடங்கியது இங்கேதான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தனி ஊராகப் பிரிந்தபோது பெயரும் மாறிற்று. அங்கே குடியிருப்பு வீடுகளுக்குப் பின்புறமாகச் செல்லும் ஒரு சிறு பாதையில் நடந்தால், புல்வெளியின் நடுவே கற்கள் அடுக்கிய ஒரு பள்ளம் தெரியும். 1970-இல் தோண்டி எடுக்கப்பட்ட ஒரு வீட்டின் அடித்தளம் அது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நான்கு சுவர்களின் அடிக்கற்கள், அவ்வளவுதான். அது போதகர் வீடு.

ஆம், பிரியமானவர்களே, போதகர் வீடுதான். 1689 முதல் அங்கே குடியிருந்தவர் சாமுவேல் பாரிஸ். பார்படோஸ் தீவில் வியாபாரம் செய்து, அது சரிவராமல் ஊழியத்துக்கு வந்தவர். சபையாருக்கும் அவருக்கும் ஆரம்பமுதல் ஒத்துப்போகவில்லை. சம்பளம், குளிர்காலத்துக்கான விறகு, அந்த வீடு யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி ஆகியவற்றின்பேரில் சச்சரவு. 1691 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமக் குழுவினர் அவருடைய சம்பளத்துக்கு வரி வசூலிக்கவே மறுத்துவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவர் பிரசங்கபீடத்திலிருந்து, சபைக்கு எதிராகச் சாத்தான் செய்யும் சதிகளைக் குறித்து மறுபடியும் மறுபடியும் பேசினார். தம்மை எதிர்த்தவர்களையும் தேவனை எதிர்த்தவர்களையும் வேறுபடுத்திப் பார்க்க அவரால் இயலாமற்போயிற்று. ஊழியக்காரனாகிய எனக்கு இது நடுக்கம் தருகிறது. சம்பளப் பிரச்சினை ஒன்று எவ்வளவு எளிதாக ஆவிக்குரிய யுத்தமாக மாறிவிடுகிறது!

1692 ஜனவரியில் அந்த வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு விளங்காத நோய் கண்டது. ஒருத்தி போதகரின் மகள் எலிசபெத், வயது 9. மற்றவள் அதே வீட்டில் வளர்ந்த உறவுப்பெண் அபிகாயில் வில்லியம்ஸ், வயது 11. உடல் முறுக்கிக்கொண்டது, அலறினார்கள், யாரோ கிள்ளுவதாகவும் கடிப்பதாகவும் சொன்னார்கள். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இது தீய கையின் வேலை என்றார். பக்கத்துவீட்டுப் பெண் ஒருத்தியின் யோசனைப்படி, ரை மாவில் சிறுமிகளின் சிறுநீரைக் கலந்து அப்பம் சுட்டு நாய்க்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் உப்பும் மிளகாயும் சுற்றிப்போடுவதற்கு ஒத்த காரியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த அப்பத்தைச் சுட்டவர்களில் போதகர் வீட்டில் அடிமையாயிருந்த டிட்டுபாவும் ஒருத்தி. இங்கே ஒரு கட்டுக்கதையை அவிழ்க்க வேண்டும். டிட்டுபா ஆப்பிரிக்க மந்திரவாதி என்றும், சிறுமிகளைக் காட்டுக்குள் கூட்டிச்சென்று மாந்திரீகம் கற்பித்தாள் என்றும் நாடகங்களிலும் நூல்களிலும் சொல்லப்படுகிறது. விசாரணை ஆவணங்களில் இதற்கு ஆதாரமில்லை. அவை அவளை இந்தியப் பெண் என்றே குறிப்பிடுகின்றன. அதாவது அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடி. சிறுமிகள் கண்ணாடிக் குவளையில் முட்டையின் வெண்கருவை ஊற்றி வருங்காலக் கணவனைக் குறித்துக் குறி பார்த்ததாக, ஜான் ஹேல் என்னும் போதகர் பின்னாளில் எழுதினார். அதைக் கற்பித்தவள் டிட்டுபா என்று அவர் எங்கும் சொல்லவில்லை. மூன்று நூற்றாண்டுகளாக மக்கள் ஏன் அந்தப் பழியை அவள்மேல் வைத்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். வீட்டில் மிகவும் எளியவள், அந்நியள், எதிர்த்துப் பேச உரிமையற்றவள் அவளே.

மார்ச் முதல் நாளில் அவள் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்ளும்படி எஜமான் தன்னை அடித்தார் என்று பின்னர் அவள் சொன்னதாக ஒரு பதிவு உண்டு. தன்னோடு இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று அவள் சொன்ன வார்த்தை ஊரைப் பற்றி எரியச்செய்தது. அதன்பின் வந்த மாதங்களில் 150 பேருக்கும் அதிகமானோர் குற்றம்சாட்டப்பட்டார்கள். சாரா குட் என்னும் ஏழைப் பெண்ணின் மகள் டாரதிக்கு வயது நான்கு அல்லது ஐந்து. அந்தக் குழந்தையை ஏறக்குறைய எட்டு மாதம் சங்கிலியிட்டுச் சிறையில் வைத்தார்கள். அவளுடைய மனம் பின்பு ஒருபோதும் சீராகவில்லை என்று அவளுடைய தகப்பன் 1710-இல் அரசுக்கு எழுதிய விண்ணப்பம் இன்றும் இருக்கிறது.

எந்தச் சாட்சியத்தின்பேரில் இதைச் செய்தார்கள்? குற்றம்சாட்டப்பட்டவரின் உருவம் தங்களுக்கு மட்டும் தோன்றி வேதனை செய்கிறது என்று பாதிக்கப்பட்டோர் சொன்னால், நீதிபதிகள் அதைச் சாட்சியமாக ஏற்றார்கள். அந்த நேரத்தில் அவர் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. வந்தது அவருடைய உருவம் அல்லவா! இப்படிப்பட்ட குற்றச்சாட்டுக்கு மனிதனால் எந்த மறுப்பும் சொல்ல இயலாது. இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினால் காரியம் நிலைப்பட வேண்டும் என்று உபாகமத்தில் அவர்களும் வாசித்திருந்தார்கள். சூனியக்காரியைக் குறித்த யாத்திராகம வசனமோ அவர்களுக்கு மனப்பாடம். ஒரே வேதத்தில் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தினார்கள்.

சிறுமிகளுக்கு உண்மையில் நேர்ந்தது என்ன என்னும் புதிர் இன்னும் முற்றாக விடுபடவில்லை. ரை தானியத்தில் வளரும் எர்காட் என்னும் பூஞ்சையின் நச்சே காரணம் என்று 1976-இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். அதே ஆண்டிலேயே பிறர் அதை மறுத்தார்கள். நில உரிமையிலும் சபை அரசியலிலும் பிளவுபட்டிருந்த குடும்பங்களின் பகையைக் காரணம் காட்டுகிறவர்கள் உண்டு. வடக்கே மெயின் எல்லையில் நடந்த போரிலிருந்து தப்பி வந்த அகதிகளின் அச்சத்தைச் சுட்டுகிறவர்களும் உண்டு. வீட்டில் தினந்தோறும் சாத்தானைப் பற்றியே பேச்சைக் கேட்டு வளர்ந்த குழந்தைகளின் பயமும் இதில் ஒரு பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. எதுவாயிருந்தாலும், குழந்தைகள் யாரையும் தூக்கிலிடவில்லை. வழக்குப் பதிந்தவர்களும், சிறையில் அடைத்தவர்களும், தீர்ப்பெழுதியவர்களும் வேதமறிந்த பெரியவர்கள்.

டான்வர்ஸில் நீங்கள் தவறாமல் பார்க்கவேண்டிய இடம் ரெபேக்கா நர்ஸ் அம்மையாரின் பண்ணை வீடு. (நர்ஸ் என்பது குடும்பப் பெயர், செவிலியர் என்று எண்ணவேண்டாம்.) அவருக்கு வயது 71. எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர், காது மந்தம், பக்திக்குப் பேர்போனவர். அவர்மேல் குற்றச்சாட்டு எழுந்ததைத் தெரிவிக்க அயலார் சிலர் அவரிடம் சென்றபோது அவர் நோயாய்ப் படுத்திருந்தார். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே, போதகர் வீட்டுப் பிள்ளைகள் எப்படியிருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களுக்காகத் துக்கப்படுவதாகவும் ஜெபிப்பதாகவும் சொன்னார். பிறகே செய்தியைக் கேட்டார். சிறிதுநேரம் பேசாதிருந்தார். இந்த முதிர்வயதில் இப்படியொரு துன்பம் வர, மனந்திரும்பாத எந்தப் பாவத்தைத் தேவன் தம்மில் கண்டாரோ என்று தம்மையே கேட்டுக்கொண்டார்.

அவர் சிறைப்பட்ட சில நாட்களில் போதகர் பாரிஸ், பன்னிருவரில் ஒருவன் பிசாசாயிருக்கிறான் என்று இயேசு சொன்ன வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். அது இராப்போஜன ஞாயிறு. ரெபேக்காவின் தங்கை சாரா கிளாய்ஸ் எழுந்து வெளியே போனார்; கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சில நாட்களில் அவருக்கும் பிடியாணை வந்தது.

ரெபேக்காவுக்காக அயலார் 39 பேர் துணிந்து கையெழுத்திட்டார்கள். அவர்மேல் முதலில் புகார் கொடுத்தவர்களில் ஒருவரும் அதில் தம் கையெழுத்தை வைத்தார். நடுவர் குழுவும் குற்றமற்றவர் என்றே தீர்ப்புச் சொன்னது. உடனே பாதிக்கப்பட்டோர் கூக்குரலிட்டார்கள்; தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன், அம்மையார் சொன்ன ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டி மறுபடியும் யோசிக்கும்படி தூண்டினார். நடுவர்கள் திரும்பி வந்து அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. கேள்வி காதில் விழவே இல்லை என்று பின்னர் எழுதிக்கொடுத்தார். அதற்குள் தீர்ப்பு மாறிவிட்டது. ஜூலை 3-ஆம் நாள் சேலம் சபை அவரைக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் சபைக்குப் புறம்பாக்கியது. ஜூலை 19-இல் மற்ற நான்கு பெண்களோடு தூக்கிலிடப்பட்டார்.

இரவில் பிள்ளைகள் உடலை எடுத்துவந்து பண்ணையிலேயே அடக்கம் செய்தார்கள் என்பது குடும்ப மரபு. அந்தக் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் 1885-இல் வழிவந்தோர் எழுப்பிய தூண் நிற்கிறது. இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு நீதிபதிகள்முன் வந்த முதியவர் ஜார்ஜ் ஜேக்கப்ஸுடையவை என்று கருதப்படும் எலும்புகளும் 1992-இல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டன. அவருடைய அந்தக் கைத்தடிகள் சேலத்திலுள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. பேய் பொம்மைகளை வைத்துக் காட்டும் கூடங்களைவிட அந்தத் தடிகள் அதிகம் பேசும் என்பேன். (அந்த அருங்காட்சியகம் 1799-இல் கப்பல் தலைவர்கள் தொடங்கிய கழகத்திலிருந்து வளர்ந்தது, மிளகுக்காகக் கிழக்கு நோக்கிக் கடல் கடந்தவர்கள் அவர்கள். இன்று இந்திய ஓவியங்களின் பெரிய தொகுப்பு ஒன்றும் அங்கே உண்டு. நேரமிருந்தால் பாருங்கள்.)

சேலம் நகருக்குள் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய வீடு நிற்கிறது. எல்லாரும் அதைச் சூனியக்காரி வீடு என்கிறார்கள். அங்கே குடியிருந்தது சூனியக்காரி அல்ல. நீதிபதி ஜானதன் கார்வின். விசாரணையோடு நேரடித் தொடர்புடைய கட்டடங்களில் நகருக்குள் எஞ்சியிருப்பது அது ஒன்றே. நீதிபதியின் வீட்டுக்குக் குற்றம்சாட்டப்பட்டவர்களின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டதைப் பாருங்கள்! பெயர்கள் இப்படித்தான் இடம் மாறுகின்றன.

அடுத்து, தூக்கிலிட்ட இடம். நெடுங்காலமாக அது ஒரு குன்றின் உச்சி என்றே சொல்லிவந்தார்கள். பழைய சாட்சியங்களையும் நில அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுக்குழு ஒன்று, உச்சி அல்ல, அடிவாரத்திலுள்ள புராக்டர்ஸ் லெட்ஜ் என்னும் பாறைமேடே அந்த இடம் என்று 2016-இல் உறுதிசெய்தது. இன்று அதற்கு முன்னால் ஒரு மருந்துக்கடை; சுற்றிலும் வீடுகள். 2017 ஜூலை 19 அன்று, ரெபேக்கா இறந்த அதே தேதியில், எளிய நினைவுச்சுவர் ஒன்று அங்கே திறக்கப்பட்டது. அதில் 19 பெயர்கள்.

அந்தப் பாறைமேட்டில் ஆகஸ்டு 19-ஆம் நாள் நடந்ததை எழுதும்போது என் கை தயங்குகிறது. அன்று கொண்டுவரப்பட்டவர்களில் ஜார்ஜ் பரோஸ் என்பவரும் ஒருவர். சேலம் கிராமத்தின் முன்னாள் போதகர். சூனியக்காரனால் பரமண்டல ஜெபத்தைப் பிழையின்றிச் சொல்ல முடியாது என்பது அக்கால நம்பிக்கை. ஏணியின்மேல் நின்று தம் குற்றமின்மையை அறிவித்தபின், பரோஸ் அந்த ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொல்லி முடித்தார். கூட்டத்தார் அழுதார்கள், தண்டனையைத் தடுத்துவிடுவார்களோ என்னும் நிலை உண்டாயிற்று. அப்போது குதிரைமேல் அமர்ந்திருந்த மற்றொரு போதகர், பாஸ்டனின் புகழ்பெற்ற காட்டன் மேதர், பிசாசு ஒளியின் தூதனைப்போலவும் வருவான் என்று பவுலின் நிருபத்தை எடுத்துக்காட்டி மக்களை அமைதிப்படுத்தினார். தூக்கு தொடர்ந்தது. ஒருவர் ஜெபித்தார், ஒருவர் வசனம் சொன்னார், இருவரும் ஒரே வேதத்தின் ஊழியர்கள்.

மொத்தத்தில் 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டார்கள். எண்பது வயதைத் தொட்ட ஜைல்ஸ் கோரி, விசாரணைக்கு உட்பட மறுத்ததால், மார்பின்மேல் கற்கள் ஏற்றப்பட்டு மாண்டார். அவர் தொடக்கத்தில் தம் மனைவி மார்த்தாவுக்கு எதிராகவே சாட்சி சொன்னவர் என்பதையும் மறைக்கக்கூடாது. சிறையிலேயே குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். ஒரு காரியத்தைக் கவனியுங்கள்: சூனியம் செய்ததாகப் பொய்யாக ஒப்புக்கொண்டு அந்த ஒப்புதலில் நிலைத்தவர்களில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் ரெபேக்கா பிழைத்திருப்பார். அவருடைய மற்றொரு தங்கை மேரி ஈஸ்டி, தம் உயிருக்காக அல்ல, இனிக் குற்றமற்ற இரத்தம் சிந்தப்படாதிருக்கவே மன்றாடி விண்ணப்பம் எழுதிவிட்டுச் செப்டம்பர் 22-இல் மரித்தார். அதுவே கடைசித் தூக்கு. அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் நீதிமன்றத்தைக் கலைத்தார். அதற்குள் குற்றச்சாட்டு அவருடைய மனைவியையும் தொட்டிருந்தது.

இதை வாசிக்கிற உங்களுக்கு நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில் நான் ஊழியம் செய்தபோது, கருச்சிதைவினால் துக்கத்திலிருந்த ஒரு இளம்பெண் வெளியூர் ஜெபக்கூட்டம் ஒன்றுக்குப் போனாள். "உன் வீட்டிலேயே வயதான ஒரு பெண் செய்வினை வைத்திருக்கிறாள்" என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அந்த வீட்டில் வயதான பெண் ஒருவர்தான். அவளுடைய மாமியார், நம் மாதர் சங்கத்தில் இருந்தவர். இரண்டு வருடம் மருமகள் அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. எனக்கு இது தெரியும். ஆவிக்குரிய வரத்துக்கு எதிராகப் பேசினேன் என்ற பெயர் வருமே என்று அஞ்சி வாய்மூடியிருந்தேன். அந்த மாமியாரின் அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். அவருடைய நல்ல சாட்சியைக் குறித்து அன்று நெடுநேரம் பேசினேன்.

ஆதலால் சேலத்தில் என்னை அதிகமாய் இழுப்பது பின்னால் வந்த வருடங்களே. 1697 ஜனவரி 14-ஐ உபவாச நாளாக மாகாண அரசு அறிவித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல் வீட்டில் அவருடைய மகன் மத்தேயு 12-ஆம் அதிகாரத்தை லத்தீனில் ஒப்புவித்தான். குற்றமற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்ப்பதைக் குறித்த ஏழாம் வசனம் வந்தபோது, சேலத்தின் நினைவு தம்மைப் பயங்கரமாய்த் தாக்கியதாகச் சூவல் நாட்குறிப்பில் எழுதினார். உபவாச நாளன்று பாஸ்டன் தெற்குச் சபையில் ஒரு தாளைப் போதகர் சாமுவேல் வில்லர்டிடம் கொடுத்தார். போதகர் அதை வாசித்து முடிக்கும்வரை, நீதிபதி எல்லார் முன்பாகவும் எழுந்து நின்றார். அந்தக் குற்றத்தின் பழியையும் வெட்கத்தையும் தம்மேல் ஏற்றுக்கொள்வதாக அதில் இருந்தது. நடுவர்களாயிருந்த 12 பேரும் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டார்கள். ஸ்டௌட்டன் கடைசிவரை கேட்கவில்லை. பாரிஸ் பாதி கேட்டார். அவரை எதிர்த்தவர்கள் அதை ஏற்கவில்லை, அவர் ஊரைவிட்டே போனார்.

அவருக்குப்பின் வந்த இளம் போதகர் ஜோசப் கிரீன் செய்ததை நம்முடைய மூப்பர்கள் கவனிக்கும்படி வேண்டுகிறேன். பெரிய பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. ஆலயத்தில் யார் எங்கே அமர்வது என்னும் ஒழுங்கை மாற்றினார். பழிசுமத்திய புட்னம் குடும்பத்தாரும் பழிசுமந்த நர்ஸ் குடும்பத்தாரும் ஒரே இருக்கையில் அமரவேண்டியதாயிற்று. 1703-இல் மார்த்தா கோரியின் சபைநீக்கம் நீக்கப்பட்டது. 1706 ஆகஸ்டு 25-இல், அன்று பன்னிரண்டு வயதாயிருந்து பலர்மேல் சாட்சி சொன்ன ஆன் புட்னம், இப்போது பெற்றோரை இழந்து தம்பி தங்கைகளை வளர்த்துக்கொண்டிருந்த இளம்பெண்ணாக, சபையில் எழுந்து நின்றாள். அவளுடைய அறிக்கையைக் கிரீன் வாசித்தார். ரெபேக்காவின் பெயரையும் அவருடைய சகோதரிகளையும் குறிப்பிட்டு அவள் மன்னிப்புக் கேட்டாள். சபையில் நர்ஸ் குடும்பத்தாரும் இருந்தார்கள். அவளைச் சபை இராப்போஜனத்துக்குச் சேர்த்துக்கொண்டது. ரெபேக்காவின் சபைநீக்கத்தைச் சேலம் சபை 1712-இல் நீக்கியது; அவர் மரித்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நீங்கள் செல்வதானால் அக்டோபரில் செல்லாதீர்கள். நெரிசலில் ஒன்றும் காண இயலாது. கோடையில் காலையிலேயே போய், முதலில் டான்வர்ஸையும் பிறகு சேலத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய நினைவிடத்தையும் பாருங்கள். 1992 ஆகஸ்டில், யூதப் படுகொலையிலிருந்து தப்பிய எழுத்தாளர் எலீ வீசல் அதைத் திறந்துவைத்தார். கருங்கல் சுவரிலிருந்து இருபது கல் இருக்கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், மரித்த விதம், தேதி. நுழைவாயிலில் தரையிலே, தாங்கள் குற்றமற்றவர்கள் என்று அவர்கள் சொன்ன வார்த்தைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வாக்கியங்கள் முடிவதற்குள் சுவர் குறுக்கிட்டு அவற்றை வெட்டிவிடுகிறது. மக்கள் அவற்றை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். சுவருக்கு அப்பால், விசாரணை நீதிபதி ஜான் ஹாதோர்னின் கல்லறை.

அந்த இருபது இருக்கைகளில் எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் பெயரைத் தேடாதீர்கள், இராது. 22 வயதில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு, ஆளுநரின் தலையீட்டால் தூக்குக்குத் தப்பியவள் அவள். 1711-இல் அரசு பலருடைய தண்டனைகளை ரத்துசெய்து குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தபோது, அவளுடைய பெயர் விடுபட்டது. தன்னையும் சேர்க்கும்படி அடுத்த ஆண்டு விண்ணப்பித்தாள், பயனில்லை. அவளுக்குக் கணவனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பின்னாளில் அவளுக்காகக் கேட்க வழித்தோன்றல் ஒருவரும் இல்லை. அவள் வாழ்ந்த பகுதியான நார்த் ஆண்டோவரில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து பழைய ஆவணங்களைப் படித்துச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 2022-இல் மாசசூசெட்ஸ் அரசு அவளுடைய பெயரையும் பட்டியலில் சேர்த்தது.